ஜோடி எண் பதினான்கு

நாட்காட்டித் தாளைக் கத்தரித்துத்தான்
தர்யோனோ கூண்டுகளுக்கு எண் ஒட்டினான்.
பதின்மூன்று வேண்டாமாம்.
பன்னிரண்டுக்குப் பிறகு நேராகப் பதினான்கு.
ஆகவே எண்ணிச் சொல்வதைவிட
எப்போதும் ஒரு கூண்டு எங்களிடம் குறைவு.
கடன் தந்த கூட்டுறவுச் சங்கத்துக்கு இது தெரியாது.

பதினான்கில் வந்தவை ஊதா கலந்த நீலம்.
ஒன்றின் நெற்றியில் மட்டும் சாம்பல் திட்டு.
"ஆணும் பெண்ணும். என் விரல் பொய் சொல்லாது"
என்று ஜும்ரோ பறவையை மல்லாத்தி
அடிவயிற்றெலும்பைத் தடவிக் காட்டினான்.
நெருங்கியிருந்தால் ஆண்,
விரல்நுனி இடம்பிடித்தால் பெண்.
என்னையும் தடவச் சொன்னான்.
எனக்கு அகப்பட்டது கொஞ்சம் சூடும்
கட்டைவிரலுக்கடியில் ஓடிய
ஒரு குட்டித் தையல் மெஷினும்.

விலை, எங்கள் மோட்டார் சைக்கிள்.
ஹெல்மெட்டையும் கேட்டு வாங்கிக்கொண்டான்.

அவை ஒன்றன் பிடரியை ஒன்று கோதின.
அலகுக்கு அலகு ஊட்டின.
தென்னங்கீற்றை நாடா நாடாகக் கிழித்து
பின்னிறகில் செருகிக்கொண்டு பெட்டிக்குள் போயின.
இரண்டுமே போயின.
ஆண் அப்படிச் செருகாது என்று
எனக்குத் தெரியாமல் இல்லை.
சோளத்தை மாற்ற வேண்டியிருந்தது, மாற்றினேன்.

நான்கு முட்டை. ஆறு.
ஒன்பது.
தர்யோனோ சிமென்ட் மூட்டைக்கு விலை கேட்டு வந்தான்.

ஏழாம் இரவு கைபேசி விளக்கை
ஒவ்வொன்றின் அடியிலும் பிடித்தேன்.
சிலந்திக்கால்போல் சிவப்பு நரம்பு ஓட வேண்டும்.
ஒன்பதும் ஆளில்லாத வீட்டில்
அணைக்க மறந்த பல்பாக எரிந்தன.

அந்த மாதமே சந்தை விழுந்தது.
ஒரு திங்கட்கிழமை கேட்ட விலைக்குச் சிரித்தேன்,
அடுத்த திங்களில் அதே விலைக்குக் கெஞ்சினேன்.
கிளாத்தெனில் யார் வளர்க்கவில்லை?
பள்ளிக்கூட வாட்ச்மேன், பல் டாக்டர்,
ஊர்த்தலைவரின் மைத்துனர், அவர் மனைவி தனியாக.
வாங்குகிறவர்கள் எல்லாம் வளர்க்க வாங்கியவரை
விலை நின்றது.
வெறுமனே பார்த்துக்கொண்டிருக்க ஒரு பறவை வேண்டும் என்று
ஒரு ஆள்கூட வரவில்லை என்பது
அப்புறம்தான் உறைத்தது.

மெராபி சாம்பல் தூவிய இரவில்
கூண்டுகளுக்கெல்லாம் ஈரத்துணி போர்த்தினோம்.
விடிந்தபோது ஐந்தாம் எண்ணின் தாய்
தட்டுக்கருகே கிடந்தது.
உள்ளே ஐந்து முட்டை,
இன்னும் முழுசாக ஆறவில்லை.
யோசிக்கவெல்லாம் இல்லை.
பதினான்கின் ஒன்பதையும் வழித்தெடுத்து
ஐந்தையும் அங்கே வைத்தேன்.
சாம்பல் நெற்றி என் சுண்டுவிரலைக் கடித்தது.
பிறகு ஒன்று முட்டைமேல் உட்கார
மற்றது வாசலை அடைத்துக்கொண்டது.

நான்கு பொரிந்தன.
ஊட்டுவதற்கு இரண்டு தாய்.
அப்படிப் புடைத்த இரைப்பைகளை
வேறெந்தக் கூண்டிலும் நான் கண்டதில்லை.

சோலோவிலிருந்து ஒரு பையன் வந்தான்.
கல்யாணப் பணத்தில் தொழில் தொடங்குகிறானாம்.
எல்லாவற்றையும் பார்த்துவிட்டு
பதினான்கின் முன்னால் நின்றான்.
"இது உறுதியான ஜோடிதானே அக்கா?
குஞ்சே சாட்சி!"
பணம் நான்காக மடித்துச் சட்டைப்பையில் துருத்திக்கொண்டிருந்தது.
தர்யோனோவின் கால் என் காலை அழுத்தியது.
இரண்டு தவணை கட்டலாம்.

"அது பதின்மூன்று," என்றேன்.
"விற்பதில்லை."

பையன் ஒட்டியிருந்த எண்ணைப் பார்த்தான்,
என்னைப் பார்த்தான்.
பன்னிரண்டை வாங்கிக்கொண்டு போனான்,
பேரம்கூடப் பேசாமல், பாவம்.

தர்யோனோ இரவு வரை பேசவில்லை.
ஜும்ரோ இப்போது சண்டை மீன் விற்கிறானாம்.
நேற்று வாசல்வழியே போனான்.
ஹெல்மெட் வாரை அவன் இன்னும் சரியாக மாட்டுவதில்லை,
அதை ஒருமுறை
உள்பக்கமாகத் திருக வேண்டும்.